எது நிதியின் எண், எது என் எண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை மாறியபோது புது அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஓய்வுக்கால நிதியின் பெயர், அதன் பதிவு எண், என் உறுப்பினர் எண் என்று மூன்று கட்டங்கள். பெயரை எழுதிவிட்டேன். அப்புறம் பேனா நின்றுவிட்டது. சரி என்று உறுப்பினர் எண்ணையே இரண்டிலும் எழுதினேன். மூன்றாம் நாள் சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.

பதிவு எண் நிதிக்கு உரியது, உறுப்பினர் எல்லோருக்கும் ஒன்றே. உறுப்பினர் எண்தான் நமக்கே நமக்கு. (ஒரே நிதி பல திட்டங்கள் நடத்தினால், திட்டத்துக்கென்று தனிக் குறியீடும் இருக்கலாம்.) ஆண்டு அறிக்கையில் என் எண் பெயருக்குக் கீழேயே பளிச்சென்று இருந்தது. பதிவு எண்ணோ கடைசிப் பக்க அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் அது 8-ஆ 3-ஆ என்று பிடிபடவில்லை. போதாக்குறைக்கு அறிக்கையும் பழையது. இடையில் அந்த நிதி வேறொன்றோடு இணைந்து, பெயரும் எண்ணும் மாறியிருந்தன.

சேமிக்கச் சொல்ல எத்தனை விளம்பரம்! இரண்டு எண்களையும் முதல் பக்கத்திலேயே அடுத்தடுத்து அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

— ஒரு வாசகர்