மளிகைச் சீட்டில் எழுத வேண்டியது பாக்கெட் கணக்கா, எடைக் கணக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாத மளிகைச் செலவைக் கட்டுக்குள் வைப்பது பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடைக்குப் போகுமுன் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும், பசி நேரத்தில் கடைக்குப் போகக் கூடாது, சீட்டில் இல்லாததைத் தொடக் கூடாது என்று அதில் சொல்லப்பட்டிருந்த யாவும் சரியானவையே. ஆயினும், அயனாவரத்தில் 1998 முதல் நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் மளிகைக் கணக்கை நோட்டில் எழுதிவரும் எனக்கு, அக்கட்டுரை வாங்குபவரின் மன உறுதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கடையில் அவர் கையில் எடுக்கும் பொட்டலத்தின் எடையைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் விட்டது பெருங்குறையாகப் பட்டது.

எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாப் பொருட்கள், காப்பித்தூள், சோப்பு வரை மளிகைக்கு 5,500 ரூபாய். பாலுக்கு 1,200 ரூபாய். காய்கறி, பழங்களுக்கு வாரம் 700 ரூபாய் என்று ஒதுக்குகிறோம். மளிகைச் சீட்டு மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே தடவை எழுதப்படும். அதற்கு முன் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்து, மீதம் இருப்பதைக் கழித்துக்கொள்வது என் மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம். மளிகைப் பணமும் காய்கறிப் பணமும் தனித்தனி உறைகளில் இருக்கும். ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்குக் கடன் கொடுப்பதில்லை. இந்த ஒழுங்கு பல ஆண்டுகள் எங்களைக் கைவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தொடர்ந்து மூன்று மாதங்கள் கணக்கு இடித்தது. சீட்டு மாறவில்லை, வீட்டில் ஆள் கூடவில்லை, கடைக்காரர் எழுதிக் கொடுத்த பில்லிலும் தொகை பெரிதாக ஏறவில்லை. ஆனால் 25ஆம் தேதிக்குள் எண்ணெய், டீத்தூள், துணி சோப்புத்தூள் மூன்றும் தீர்ந்துபோய், மீதி நாட்களுக்குச் சில்லறையாக வாங்கியதில் ஒரு மாதம் 640 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. வீட்டில் யாரோ அளவில்லாமல் செலவழிக்கிறார்கள் என்று எண்ணி நான் பிள்ளைகளைக் கடிந்துகொண்டதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பிறகு ஒருநாள் பழைய டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. லிட்டர் பாக்கெட் என்று நான் நம்பி வாங்கிய எண்ணெய் 850 மில்லி. கால் கிலோ டீத்தூள் 200 கிராம். ஒரு கிலோ சோப்புத்தூள் 800 கிராம். என் நோட்டிலோ பல வருடங்களாக ‘எண்ணெய் 2 பாக்கெட், டீத்தூள் 1 பாக்கெட்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். எடை குறைந்தது எனக்குத் தெரியாதபடி என் சீட்டே அதை மறைத்துவிட்டது.

அன்று முதல் சீட்டை எடையில் மட்டுமே எழுதுகிறேன். கடலை எண்ணெய் 2 லிட்டர் என்று எழுதினால் 2 லிட்டர் சேரும்வரை வாங்க வேண்டும். அதற்கு எத்தனை பாக்கெட் ஆனாலும் சரி. நோட்டில் பொருளின் பெயருக்கு எதிரே வாங்கிய அளவு, கொடுத்த தொகை, கிலோவுக்கு என்ன விலை விழுந்தது என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டால் போதும், எந்தப் பொருள் கணக்கைக் கெடுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மளிகைச் செலவைக் கட்டுப்படுத்த விரும்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த மூன்றாவது பத்தியைத்தான்.

இந்த மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கடினமாக இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் மத்திய அரசு எடையளவு விதிகளில் பருப்பு, டீ, காப்பி, சமையல் எண்ணெய், பிஸ்கட், சோப்புத்தூள் முதலிய பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைத்து விற்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. 2021 இறுதியில் வந்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கி, உற்பத்தியாளர் விரும்பிய அளவில் அடைக்கலாம் என்று ஆக்கியது. அதற்கு ஈடாக, ஓர் அலகுக்கு என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும் அச்சிடச் சொல்லியிருப்பதால், ஒரே பொருளின் சிறிய பொட்டலத்தையும் பெரிய பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடவே முடிவதில்லை. கூடவே, அந்த விலை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கப்படுகிறது. அரைக் கிலோ ரவை ஒன்று 33 ரூபாய், இன்னொன்று 37 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோக் கணக்கில் முன்னது 66 ரூபாய், பின்னது 74 ரூபாய். உறையிலோ இரண்டிலும் கிராமுக்கு 0.07 ரூபாய் என்றே இருக்கும். எட்டு ரூபாய் வித்தியாசம் அச்சிலேயே மறைந்துபோகிறது. கண்ணாடி அணிந்தும் படிக்கச் சிரமப்படும் அளவில் அந்த எழுத்து இருப்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயில் இன்னொரு குழப்பம். சில உறைகள் அளவை மில்லியிலும் சில கிராமிலும் சொல்கின்றன. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பது தெரியாவிட்டால், 850 கிராம் பாக்கெட்டைவிட 900 மில்லி பாக்கெட் பெரியது என்று எண்ணி ஏமாறுவோம். உண்மையில் 850 கிராம் பாக்கெட்டில்தான் எண்ணெய் அதிகம். அரிசிக் கதையும் இதுபோன்றதே. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலத் தானியங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபின், நம் ஊர் அரிசிக் கடைகளில் அந்த வரியில் சிக்காத 26 கிலோ மூட்டை பழக்கத்துக்கு வந்தது. பழைய 25 கிலோ சிப்பத்தின் விலையோடு அதை அப்படியே ஒப்பிட்டுவிட்டு, அரிசி இவ்வளவு ஏறிவிட்டதா என்று திகைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மூட்டை விலையை 26ஆல் வகுத்த பிறகே எந்தக் கடை மலிவு என்று சொல்ல முடியும்.

காய்கறியில் எடை ஏமாற்றாது; பருவம்தான் ஆட்டிவைக்கும். அதனால் காய்கறிக்கு மாதக் கணக்கு போட்டால் தோற்றுவிடுவோம் என்பது என் அனுபவம். தை, மாசி மாதங்களில் எல்லாக் காயும் மலிவாகக் கிடைக்கும்போது 700 ரூபாய் உறையில் வாரம் 100, 150 ரூபாய் மீந்துவிடும். அதை வேறெதற்கும் எடுக்காமல் வைத்திருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் முருங்கைக்காயும் விலை ஏறும்போது கைகொடுக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு சென்னையில் நியாய விலைக் கடைகளிலும், கூட்டுறவுத் துறை 2013இல் தொடங்கிய பண்ணை பசுமைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது பலருக்கு நினைவிருக்கும். காலை வேளையில் அந்த வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கிவந்து, பாதியைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, ரசத்துக்குப் புளியைச் சற்றுக் கூட்டி அந்த மாதத்தை ஓட்டினோம்.

நியாய விலைக் கடையைப் பற்றிப் பேசும்போது நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றிடம் ஒரு தயக்கத்தைக் காண்கிறேன். அட்டை இருந்தும் வாங்காமல் விடுகிறார்கள். விலையில்லா அரிசியோடு, 2007 முதல் நடைமுறையில் இருக்கும் சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன; சர்க்கரையும் அங்கே கிலோ 25 ரூபாய்தான். பருப்பில் மட்டுமே மாதம் ஒரு நல்ல தொகை மிச்சமாகும். அந்தப் புழுங்கல் அரிசியை நாங்கள் இட்லிக்கு ஊறப்போடுகிறோம். மாவு நன்றாகவே பொங்குகிறது. சென்னைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. நியாயமான விலையில் பொருள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது 1904ஆம் ஆண்டில். இன்றும் அது காமதேனு என்ற பெயரில் கடைகளை நடத்துகிறது. மளிகைச் செலவு என்பது ஒவ்வொரு வீடும் தனித்தனியே சுமக்க வேண்டிய பாரம் இல்லை என்று இந்நகரத்தார் அக்காலத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள்.

தின்பண்டத்தையும் சொல்லியாக வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகரக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் ஏறத்தாழ 40 ரூபாய் உணவுக்குப் போகிறது. அந்த உணவுச் செலவிலும் அரிசி, கோதுமையைவிடப் பானங்களும் சிற்றுண்டிகளும் பதப்படுத்திய உணவுகளுமே பெரும்பங்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் என்பதால் என் மகன் கைப்பேசியில் வரவழைக்கும் பொருட்களையும், அவற்றோடு சேரும் கையாளும் கட்டணத்தையும் தனிக் கணக்காக எழுதத் தொடங்கிய மாதமே அச்செலவு பாதியானது. நான் எதையும் தடுக்கவில்லை. எழுதியதை அவனே பார்த்தான்.

ஆசிரியர் அவர்கள் வழியாக மூவரிடம் வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். மத்திய நுகர்வோர் நலத்துறை, பொட்டலம் எவ்வளவு சிறியதானாலும் விலையைக் கிலோவுக்கும் லிட்டருக்கும் மட்டுமே அச்சிடும்படி விதியை மாற்ற வேண்டும். 200 கிராம் டீத்தூளிலும் கிலோ விலை இருந்தால் வகுத்துப் பார்க்கும் வேலையே இல்லை. விதி மாறும்வரை காத்திராமல், கூட்டுறவு அங்காடிகள் தங்கள் அலமாரிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் கிலோ விலையைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டி மற்றக் கடைகளுக்கு வழிகாட்டலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

மூன்றாவது வேண்டுகோள் தங்களிடமே. கோயம்பேடு மொத்த விலையைத் தாங்கள் வெளியிடுவது வியாபாரிகளுக்குப் பயன்படுகிறது. அதுபோல, சென்னையில் அரிசி, துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய், புளி ஆகியவற்றின் சில்லறை விலையைக் கிலோ, லிட்டர் கணக்கில், வெளிக்கடையில் என்ன, கூட்டுறவுக் கடையில் என்ன, நியாய விலைக் கடையில் என்ன என்று ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன். நாள்தோறும் வேண்டாம், மாதத்தில் ஒருமுறை போதும். அது 1ஆம் தேதிக்கு முன்பே வந்தால், சீட்டு எழுத உட்காருபவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அயனாவரம், சென்னை.