கிழிக்கப்பட்ட அந்தத் தாளைப் பாடத்தில் சேருங்கள்

கல்லூரிகளில் இங்கிலாந்து வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு படித்தவள். இப்போது மாலை நேரங்களில் எங்கள் வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். பருவத் தேர்வு நெருங்கினால் அவர்கள் ஜெராக்ஸ் எடுத்த குறிப்புகளோடு வருவார்கள். ஸ்டூவர்ட் காலம், முதலாம் ஜேம்ஸ், 1603 முதல் 1625 வரை. அதில் 'உள்நாட்டுக் கொள்கை' என்று நான்கு பக்கம் இருக்கும்: தெய்வீக உரிமை, வெடிமருந்துச் சதி, நாடாளுமன்றத்தோடு மோதல். அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'வெளியுறவுக் கொள்கை' என்று ஒன்றரைப் பக்கம்: ஸ்பெயினோடு சமாதானம், மகனுக்கு ஸ்பெயினில் பெண் கேட்டது, முப்பதாண்டுப் போர், தோல்வி. உச்சியில், யார் சொன்னது என்பதற்கு உறுதியான சான்றே இல்லாத அந்த வசவு: 'கிறித்தவ உலகின் அறிவார்ந்த முட்டாள்'.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது ஜேம்ஸின் ஆட்சியில் எங்குமே இல்லாத கோடு. அதைப் போட்டதும் அந்த ஆட்சி மாணவருக்குப் புரியாமல் போய்விடுகிறது. தலைப்பில் சொன்ன தாள், 1621-இல் ஜேம்ஸ் மக்களவைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்தெடுத்தது. அதற்கும் வருகிறேன்.

நான் படித்தபோது ஒரு தேர்வில் ஜேம்ஸின் வெளியுறவுக் கொள்கை பற்றிய கேள்விக்கு, உலர் திராட்சைக்குப் போட்ட வரியிலிருந்து தொடங்கி விடை எழுதினேன். சிவப்பு மையில் 'வினாவுக்குத் தொடர்பில்லை' என்று எழுதி முக்கால்வாசியை அடித்திருந்தார்கள். மதிப்பெண் போனது போகட்டும். அந்தத் திராட்சைக்காக மட்டும் இன்னும் வாதாட நினைக்கிறேன்.

ஜான் பேட் என்ற லண்டன் வணிகர் கிழக்கு மத்தியதரைக் கடல் வழியாக உலர் திராட்சை இறக்குமதி செய்தார். 112 ராத்தல் எடைக்கு இரண்டரை ஷில்லிங் என்பது நாடாளுமன்றம் ஒப்பிய சுங்கம். அதற்கு மேல் 5 ஷில்லிங் தர வேண்டும் என்று மன்னர் தம் அதிகாரத்தால் விதித்தார். பேட் தர மறுத்தார். 1606-இல் கருவூல நீதிமன்றம் மன்னர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஃபிளெமிங் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மன்னருக்கு இரண்டு வகை அதிகாரம் உண்டு. குடிமக்களின் சொத்து, வழக்கு போன்றவற்றில் செல்லும் சாதாரண அதிகாரத்தை நாடாளுமன்றம் இல்லாமல் மாற்ற முடியாது. நாட்டின் பொது நலனுக்கான தனி அதிகாரம் மன்னரின் அறிவைப் பொறுத்தது. சுங்கம் என்பது அயல்நாட்டு வணிகத்தின் விளைவு. அயல்நாட்டோடு செய்யும் வணிகமும் போரும் சமாதானமும் அந்தத் தனி அதிகாரத்துக்குள் வருபவை. துறைமுகங்கள் மன்னரின் வாசல்கள், திறப்பதும் மூடுவதும் அவர் விருப்பம்.

மன்னர் தம் மக்களிடம் வரி வாங்க நீதிமன்றம் கண்டுபிடித்துக் கொடுத்த வழியே வெளியுறவுதான்! இரண்டே ஆண்டுகளில், 1608-இல், கருவூலத் தலைவர் சாலிஸ்பரி பிரபு நூற்றுக்கணக்கான சரக்குகளுக்கு அதே வகைக் கூடுதல் சுங்கத்தை விரித்துவிட்டார். இது உள்நாட்டுக் கொள்கையா, வெளியுறவுக் கொள்கையா? எந்தத் தலைப்பின் கீழ் எழுதச் சொல்வீர்கள்?

ஜேம்ஸை நான் வெறுக்கவில்லை. ஒரு வயதிலேயே ஸ்காட்லாந்தின் மன்னராகி, சண்டையும் வறுமையும் பார்த்து வளர்ந்தவர். இங்கிலாந்துக்கு வந்தபோது ஸ்பெயினோடு 1585 முதல் நடந்த போர் ஓயவில்லை. எலிசபெத் விட்டுப்போன கடனும் காத்திருந்தது. 1604 ஆகஸ்டில் லண்டன் உடன்படிக்கை மூலம் அந்தப் போரை முடித்தார். அந்தப் பேச்சுவார்த்தையின் ஓவியம் லண்டனில் இருக்கிறது: நீண்ட மேசையின் இரு பக்கமும் பதினொரு பேர், நம்மை நோக்கியபடி முன்னால் சிறிய உருவமாக ராபர்ட் செசில், பின்னாளில் சாலிஸ்பரி பிரபு ஆனவர். அமெரிக்கக் கடல்களில் ஆங்கிலேயர் வணிகம் செய்யலாமா என்ற கேள்வியில் இரு தரப்பும் இறங்கி வரவில்லை. அதனால் உடன்படிக்கை அதைப் பற்றி மௌனம் காத்தது. பிடிவாதம் பிடித்திருந்தால் போர் நீண்டிருக்கும். சமாதானம் செய்வோர் பேறுபெற்றோர் என்பதைத் தம் வாக்காக வைத்துக்கொண்ட மன்னர் அவர், அதை உண்மையிலேயே நம்பினார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஐரோப்பா எரியத் தொடங்கிய காலத்தில் அந்த நம்பிக்கையைக் கோழைத்தனம் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் சமாதானத்துக்கும் செலவு உண்டு, அவர் கையில் காசு நிற்கவில்லை. விருந்து, நகை, வேண்டியவர்களுக்கு வெகுமதி என்று போய்க்கொண்டே இருந்தது. 1610-இல் நாடாளுமன்றம் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பவுண்டு நிரந்தர வருமானம் தந்தால் சில பழைய அரச உரிமைகளை விட்டுத் தருவதாகப் பேரம் நடந்து முறிந்தது. 1611 முதல் 1,095 பவுண்டுக்குப் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை விற்றார்கள். 1614-இல் கூடிய நாடாளுமன்றம் ஒரு சட்டம்கூட நிறைவேற்றாமல் இரண்டே மாதத்தில் கலைந்தது.

அப்புறம் 1616. எலிசபெத் டச்சுக்காரர்களுக்கு உதவியபோது ஈடாகப் பெற்ற ஃபிளஷிங், பிரில் என்ற இரு நகரங்களில் ஆங்கிலப் படை இருந்தது. ஜேம்ஸ் இரண்டு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேலாக வாங்கிக்கொண்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். வரவேண்டிய கடனில் பாதிகூடத் தேறவில்லை. கடல் தாண்டி ஐரோப்பாவில் அவருக்கு இருந்த பிடிமானம், வீட்டுச் செலவுக்காக அடகு நகையை விற்பது போல் போனது. குறிப்புகளில் இதற்கு ஒரு வரியும் கிடையாது, ஏனென்றால் இது கோட்டின் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த சர் தாமஸ் ரோவும் இதே கதையில் வருபவர்தான். 1615-இல் சூரத்தில் இறங்கி, அஜ்மீரில் ஜஹாங்கீரைக் கண்ட அவர் இங்கிலாந்து மன்னரின் தூதர். தூதுக்கான செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது.

இப்போது திருமணங்கள். 1613-இல் மகள் எலிசபெத்தைப் புராட்டஸ்டன்ட் தலைவரும் ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியை ஆண்டவருமான ஃபிரெடரிக்குக்குக் கொடுத்தார். மகன் சார்லஸுக்குக் கத்தோலிக்க ஸ்பெயினில் பெண் எடுக்க நினைத்தார். இரு முகாம்களுக்கும் சம்பந்தியாகிவிட்டால் நடுவில் நின்று சமரசம் பேசலாம் என்பது அவர் கணக்கு. மோசமான கணக்கு அல்ல. ஸ்பெயினிலிருந்து வரும் சீதனமாக அவர் எதிர்பார்த்தது சுமார் ஆறு லட்சம் பவுண்டு. அது வந்தால் நாடாளுமன்றத்தைக் கூட்டவே வேண்டியதில்லை. அந்தச் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதென்ற கவலை ஸ்பானியத் தூதர் கொண்டோமாருக்கு அரண்மனையில் பெரும் செல்வாக்கைக் கொடுத்தது. தென் அமெரிக்காவின் கயானாவில் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலேயின் ஆட்கள் ஒரு ஸ்பானியக் குடியேற்றத்தைத் தாக்கியபின், 1603-ஆம் ஆண்டில் அவருக்கு விதித்திருந்த பழைய மரண தண்டனையைத் தூசி தட்டி, 1618 அக்டோபர் 29 அன்று அவர் தலையை வெட்டினார்கள்.

அடுத்த ஆண்டு மருமகன் பொஹீமியாவின் மகுடத்தை ஏற்றார். 1620 நவம்பரில் பிராக் அருகே வெள்ளை மலைப் போரில் அதை இழந்தார். சொந்த பாலட்டினேட்டுக்குள்ளும் ஸ்பானியப் படை நுழைந்திருந்தது. மகளும் பேரக்குழந்தைகளும் டச்சு நாட்டில் தஞ்சம் புகுந்தார்கள்.

1621 ஜனவரியில் ஜேம்ஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். பாலட்டினேட்டை மீட்க ஒரு படையை ஓராண்டு களத்தில் நிறுத்தப் பல லட்சம் பவுண்டு வேண்டும் என்று போர்க் குழு கணக்குப் போட்டிருந்தது. மக்களவை கொடுத்தது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். இங்கே உறுப்பினர்களையும் நான் விட்டுவைக்க மாட்டேன். அவர்கள் கேட்டது ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல்களைப் பிடித்து அதிலேயே செலவைத் தேற்றிக்கொள்ளும் கடற்போர். மன்னருக்குத் தேவைப்பட்டது ஜெர்மனியில் தரைப்படை. இரண்டும் வேறு வேறு போர்கள்.

ஆண்டு இறுதியில் சட்ட வல்லுநரான உறுப்பினர் எட்வர்ட் கோக் போன்றோர் முன்னின்று ஒரு விண்ணப்பம் தயாரித்தார்கள்: ஸ்பெயினோடு போர் செய்யுங்கள், இளவரசருக்குப் புராட்டஸ்டன்ட் பெண் பாருங்கள் என்று. நியூமார்க்கெட்டில் தங்கியிருந்த மன்னர் கொதித்துக் கடிதம் எழுதினார்: உங்கள் கைக்கும் அறிவுக்கும் எட்டாத அரச ரகசியங்களில் தலையிடாதீர்கள். விண்ணப்பத்தோடு வந்த உறுப்பினர்களைக் கண்டதும், 'தூதர்கள் வந்திருக்கிறார்கள், ஆசனம் போடுங்கள்' என்றாராம். இந்த இடத்தில் என் மாணவர்கள் சிரிப்பார்கள். நான் அவர்களை நிறுத்தி, இந்தச் சொல்லை இன்னொரு முறை படிக்கச் சொல்வேன். தம் நாட்டு மக்களவையையே அவர் ஓர் அயல்நாடாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் உரிமைகள் எல்லாம் என் முன்னோரும் நானும் அருளிய சலுகைகள் என்றும் மன்னர் எழுதினார். டிசம்பர் 18 அன்று மக்களவை தன் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதில் எழுதியது: நாடாளுமன்றத்தின் சுதந்திரங்கள் இங்கிலாந்துக் குடிகளின் பழமையான, ஐயத்துக்கிடமில்லாத பிறப்புரிமை, மன்னர், அரசு, நாட்டின் பாதுகாப்பு, திருச்சபை பற்றிய அவசர விவகாரங்கள் நாடாளுமன்றம் விவாதிக்க உரியவை. சலுகையா, பிறப்புரிமையா? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு மாணவருக்கு விளக்கவே வேண்டியதில்லை. கேட்ட உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். இது எழுந்தது வெளியுறவு பற்றிய ஒரு சச்சரவில் என்பதைத்தான் நாம் சொல்லாமல் விடுகிறோம்.

டிசம்பர் 30 அன்று ஜேம்ஸ் அந்தக் குறிப்பேட்டை வரவழைத்து, ஆலோசகர்கள் முன்னிலையில் அந்தத் தாளைத் தம் கையாலேயே கிழித்தெடுத்தார். கோக் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆனால் பிரதிகள் இருந்ததால் வாசகம் பிழைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1623-இல் சார்லஸும் மன்னரின் நெருக்கத்துக்குரிய பக்கிங்ஹாமும் பொய்த்தாடி வைத்து, ஸ்மித் என்று பெயர் மாற்றிக்கொண்டு மாட்ரிட்டுக்குப் போனார்கள். பெண் கிடைக்காமல் திரும்பியபோது லண்டன் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடியது. 1624-இல் கூடிய நாடாளுமன்றத்திடம், ஸ்பெயினோடு பேச்சை முறித்துக்கொள்ளலாமா என்று ஜேம்ஸே ஆலோசனை கேட்டார். உங்கள் வேலை இல்லை என்று தாளைக் கிழித்த கை, மூன்று ஆண்டுக்குள் அதே கேள்வியை அதே அவையின் முன் வைத்தது. அவை சுமார் மூன்று லட்சம் பவுண்டு ஒதுக்கியது. எதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்திலேயே எழுதி, பணத்தைக் கையாள நாடாளுமன்றம் நியமித்த பொருளாளர்களை வைத்தது. வெளியுறவும் கருவூலமும் ஒரே சட்டத்தில் முடிச்சுப் போடப்பட்ட இடம் அது. 1625 தொடக்கத்தில் பாலட்டினேட்டை மீட்கக் கூலிப்படைத் தளபதி மான்ஸ்ஃபெல்டின் தலைமையில் கப்பலேறிய 12,000 பேரில் பெரும்பாலோர் போர்க்களத்தைக் காணாமலே நோயில் அழிந்தார்கள். மார்ச் 27 அன்று ஜேம்ஸ் இறந்தார்.

இவ்வளவு தூரத்து விஷயம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை அதன் சிறப்புரிமைகள் பிரிட்டன் மக்களவையின் சிறப்புரிமைகளாகவே இருக்கும் என்று இருந்தது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 194-ஆம் பிரிவும் அப்படியே சொன்னது. 1978-இல் வந்த 44-ஆம் திருத்தம் பிரிட்டனின் பெயரை எடுத்துவிட்டது, உரிமைகளை எடுக்கவில்லை. அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரமோ இன்றும் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. அரசியல் அறிவியல் வகுப்பில் இதைப் படிக்கும் மாணவி, பக்கத்து வகுப்பில் ஜேம்ஸைப் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லவில்லை. குடி, கூழ், படை, அமைச்சு, நட்பு, அரண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணிச் சொன்ன மொழியில் இருந்துகொண்டு நாம் ஏன் இப்படிக் கூறுபோட்டுக் கற்பிக்கிறோம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அடுத்த முறை பாடத்திட்டம் திருத்த உட்காரும்போது ஜேம்ஸின் அலகில் அந்த இரு தலைப்புகளையும் ஒன்றாக்குங்கள். பேட் வழக்கையும் 1621 டிசம்பர் தீர்மானத்தையும் ஒரே வாரத்தில் நடத்துங்கள். 'முதலாம் ஜேம்ஸின் வெளியுறவுக் கொள்கையை விவரி' என்று கேட்பதை விட்டு, 'ஸ்பானியச் சீதனம் வந்திருந்தால் 1621-இல் நாடாளுமன்றம் கூடியிருக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எழுதுவார்கள். என் மாடியில் எழுதியிருக்கிறார்கள்.

கிழிக்கப்பட்ட தாளின் வாசகத்தை என் மாணவர்களுக்காகத் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வராது. உங்களில் யார் கேட்டாலும் அனுப்பி வைக்கிறேன். என் மொழிபெயர்ப்பில் தவறு இருந்தால் சிவப்பு மையிலேயே திருத்தி அனுப்புங்கள்.

பணிவன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி