டூர் மீட்டிங்ல தண்ணியப் பத்தியும் அரை மணி நேரம் பேசுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கம்பத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், உங்க பேப்பர ரொம்ப வருஷமா வாசிக்கிறேன். லீவு சீசன் வந்துட்டா வெளிநாட்டு டூர் பத்தி பக்கம் பக்கமா போடுறீங்க, பாலி, வியட்நாம், இலங்கை, நேபாளத்துல முக்திநாத்னு போட்டோவெல்லாம் பாக்க ஆசையா இருக்கு. அந்தப் பக்கத்துல ஒரு ஓரமாவது அங்க தண்ணியும் சாப்பாடும் எப்படி பாத்து சாப்பிடணும்னு போடுங்கனு கேக்கத்தான் இத எழுதுறேன். இப்பல்லாம் நம்ம கம்பம், கூடலூர், சின்னமனூர்ல இருந்தே குரூப் குரூப்பா கிளம்புறாங்க, திராட்சைத் தோட்டக்காரங்க, ஏலக்கா யாவாரிங்க, ரிட்டயர்டு டீச்சருங்கனு குமுளி மலை ஏறி கொச்சி ஏர்போர்ட்டுக்கு வேன்ல போறாங்க. கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே மீட்டிங் போட்டு பாஸ்போர்ட், சிம் கார்டு, டாலர், ஸ்வெட்டர்னு எல்லாத்தையும் விளக்குறாங்க, வயித்தப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. திரும்பி வந்து பேதின்னு என் கடையில நிக்கிறப்ப கேட்டா, "பாட்டில் தண்ணிதான்க்கா குடிச்சோம், எப்படி வந்துச்சுனே தெரியல"ங்குறாங்க.

அவங்க சொல்றது உண்மைதான், பாட்டில்தான் குடிச்சிருப்பாங்க. ஆனா தண்ணி டம்ளர் வழியா மட்டுமா உள்ள போகுது? ஜூஸ்ல போட்ட ஐஸ் எந்தத் தண்ணில செஞ்சதுனு யாரும் கேக்குறதில்ல, உறைஞ்சிட்டா கிருமி செத்துரும்னு நெனைக்கிறாங்க, சாகாது, ஐஸ் உருகுனதும் பழையபடி வேலைய ஆரம்பிச்சிரும். ரூம்ல பல்லு வெளக்குறது பைப் தண்ணில, வெட்டி வச்ச பப்பாளி, தர்பூசணிய கழுவுறது பைப் தண்ணில, சாலட்ல இருக்குற வெள்ளரியும் கொத்தமல்லியும் அதே தண்ணில கழுவுனது. போற எடத்துக்குத் தக்கன புரிஞ்சு நடந்துக்கணும், சிங்கப்பூர்ல குழாய்த் தண்ணிய தைரியமா குடிக்கலாம், காத்மாண்டுல கூடாது.

இன்னொண்ண ரொம்ப அழுத்திச் சொல்லணும். முக்திநாத் குரூப்புல நம்ம ஊரு சமையல்காரரும் கூடவே போறாரு, அதனால "நம்ம சாப்பாடுதான, பயமில்ல"னு எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. இட்லி வேகுது, சாம்பார் கொதிக்குது, சரி, ஆனா தேங்கா சட்னி கொதிக்கிறதில்லயே, அங்க கெடைச்ச தண்ணிய ஊத்தி அரைச்சு அப்படியே வைக்கிறாங்க, மோரும் அதே கதைதான், கொத்தமல்லி தூவுறதும் அப்படித்தான். சட்னிக்கும் மோருக்கும் மட்டும் கொதிக்க வச்சு ஆறுன தண்ணிய தனியா எடுத்து வைங்கனு சமையல்காரருக்குச் சொன்னா பாதிப் பிரச்சினை தீந்துரும்னு நான் உறுதியா நம்புறேன். அடுத்தது பஸ்ல கட்டிக் குடுக்குற சோறு. காலையில கிளறுன எலுமிச்சஞ்சாதத்த மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் மூடி வெதுவெதுனு வச்சா பேசிலஸ் செரியஸ்னு ஒரு கிருமி வளரும், விதை மாதிரி கெட்டி உறைக்குள்ள இருக்குறப்ப அது சோறு வேகுறப்பயும் சாகாது, அது விடுற வாந்தி விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. புளியோதரை ஓரளவு தாங்கும், வெறும் சோறு, தேங்காய் சாதம் தாங்காது.

கொதிக்க வைக்கிறதுல நம்ம எல்லைப் பக்கத்துக்காரங்களுக்கு பழக்கம் ஏற்கனவே இருக்கு. குமுளி தாண்டுனா எந்த ஓட்டல்லயும் செவப்பா பதிமுகம்ங்குற மரப்பட்டை போட்ட தண்ணியோ சீரகத் தண்ணியோ வெதுவெதுனு வைக்கிறாங்க, ரொம்ப நல்ல வழக்கம். ஆனா கூட்டம் அதிகமானா சூடு ஆறட்டும்னு அதுலயே பச்சத்தண்ணிய கலந்துர்ற கடைகளும் இருக்கு, அப்படி கலந்துட்டா கொதிக்க வச்சதுக்கு அர்த்தமே இல்ல, கலக்காதீங்கனு கேரளா சுகாதாரத் துறையே சொல்லிட்டுத்தான் இருக்கு. 2024ல எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர்ல தண்ணி மூலமா ஹெபடைடிஸ் ஏ பரவி ஊரே மஞ்சக்காமாலைல படுத்துச்சு, அது நமக்கு வெளிநாடு கூட இல்ல. நேபாளத்துல 2022 ஜூன்ல காத்மாண்டு பள்ளத்தாக்குல காலரா வந்தப்ப லலித்பூர் மாநகராட்சி பானிபூரி விக்கிறதையே தடை பண்ணுச்சு, ஏன்னா அந்தத் தண்ணி கொதிக்காத தண்ணி. அங்க மழைக்காலத்துல சைக்லோஸ்போரானு ஒரு கிருமியும் சுத்துது, குளோரின் மாத்திரைய போட்டா அது சாகாது, கொதிக்க வச்சாத்தான் சாகும். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல இருக்கு, அவ்ளோ உயரத்துல தண்ணி 90 டிகிரிக்கு கீழயே கொதிச்சிரும், அது போதுமானு சிலர் கேக்குறாங்க, போதும், ஆனா நல்லா தளதளனு கொதிக்கணும், 2,000 மீட்டருக்கு மேல போனா 3 நிமிஷம் விடணும், கீழ 1 நிமிஷம் போதும்.

கைக்கு சானிடைசர் மட்டும் போதும்னு இருக்காதீங்க, வாந்தி பேதி கொண்டுவர்ற நோரோ வைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டு தேய்ச்சுக் கழுவணும்.

இவ்ளோ பாத்தும் சில சமயம் வரத்தான் செய்யும், அப்ப என்ன பண்ணணும்ங்குறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. எல்லாரும் என்கிட்ட கேக்குறது "ஆன்டிபயாடிக் ஒரு அட்டை குடுங்க, பேதிய நிறுத்துற மாத்திரை ஒரு அட்டை குடுங்க". தண்ணில கலக்கிக் குடிக்குற உப்பு சர்க்கரைப் பொடி, அந்த ஓஆர்எஸ் பாக்கெட்ட யாரும் கேக்குறதில்ல, நானா எடுத்து வச்சாலும் "அது குழந்தைகளுக்குத்தானக்கா"னு திருப்பி வைக்கிறாங்க. உயிரக் காப்பாத்துறது அந்த பாக்கெட்டுதான். 1971 பங்களாதேஷ் போர் சமயத்துல மேற்கு வங்காள எல்லையில பன்காவ் அகதி முகாம்ல காலரா வந்து ஜனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, ஏத்துறதுக்கு சலைன் பாட்டில் தீந்து போச்சு, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணில கலந்து டிரம்ல வச்சு, கூட இருந்த சொந்தக்காரங்களையே மோந்து குடுக்கச் சொன்னாரு, நூத்துக்கு 30 பேர் செத்துட்டு இருந்த எடத்துல சாவு 4 பேருக்கும் கீழ வந்துச்சு. அவர் 2022ல காலமானாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க. எவ்ளோ பேதி போனாலும் உப்பும் சர்க்கரையும் சரியான அளவுல சேந்து போனா குடல் தண்ணிய உள்ள இழுத்துக்கும், அதுதான் இதுல இருக்குற விஷயம். சர்க்கரை கூடிப் போனா அதுவே தண்ணிய வெளிய இழுத்து பேதிய அதிகமாக்கிரும், அதனாலதான் டப்பாவுல வர்ற இனிப்பு ஜூஸ் எல்லாம் ஓஆர்எஸ் ஆகாது. 2025 அக்டோபர்ல மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ, உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலா இல்லாத பானத்துல ஓஆர்எஸ்ங்குற பேரே போடக்கூடாதுனு உத்தரவு போட்டுச்சு, ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா போராடுனதுக்குக் கெடைச்ச பலன் அது.

பாக்கெட் வாங்குனா பின்னாடி படிச்சுப் பாருங்க, சின்னது 200 மில்லிக்கு, பெருசு 1 லிட்டருக்கு, மாத்திக் கலக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத எடத்துல 1 லிட்டர் நல்ல தண்ணிக்கு தலை தட்டுன 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்தத 24 மணி நேரத்துக்கு மேல வைக்காம கொட்டிருங்க.

பேதிய நிறுத்துற லோபராமைடு மாத்திரைய பஸ்ல ரொம்ப தூரம் போகணும்னா பெரியவங்க போடலாம், ஆனா காய்ச்சல் இருந்தாலோ ரத்தம் கலந்து போனாலோ தொடவே கூடாது, குழந்தைங்களுக்கு நீங்களா குடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக்க டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் எடுத்துட்டுப் போங்க, தென்கிழக்கு ஆசியாவுல சில கிருமிங்க சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்கு அடங்குறதில்ல. பிரஷருக்கு நீர் பிரியுற மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுற பெரியவங்க வாந்தி பேதி வந்தா அத அப்படியே தொடரலாமானு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க. ஒண்ணுக்கு கொஞ்சமா அடர் மஞ்சளா போனா, எந்திரிச்சா தலை சுத்துனா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும், மத்தவங்க டூர் கெட்டுரும்னு சொல்லாம மறைக்கிற பெரியவங்க ரொம்பப் பேர் இருக்காங்க, டூர் நடத்துறவங்கதான் தினமும் கேக்கணும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி வேணுமானு ஒரு மாசம் முன்னாடியே கேட்டுட்டா நல்லது.

அதனால டூர் நடத்துறவங்களுக்கு என் வேண்டுகோள், அந்த மீட்டிங்ல அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க, ஆளுக்கு நாலு ஓஆர்எஸ் பாக்கெட் பையில போட்டுக் குடுங்க, பெரிய செலவே இல்ல. கூப்பிட்டா நானே வந்து பேசுறேன், காசு வேணாம். நீங்களும் உங்க சுற்றுலாப் பக்கத்துல போடுறப்ப, ஊருக்குத் திரும்புனதுக்கு அப்புறம் ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சலோ கண்ணு மஞ்சளாவோ வந்தா டாக்டர்கிட்ட எந்த நாட்டுக்குப் போனோம்னு மொதல்ல சொல்லணும்ங்குறதையும் சேத்துப் போடுங்க, ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ள போயி 15 நாள்ல இருந்து 50 நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும்.

இப்படிக்கு,
கம்பத்துல இருந்து ஒரு வாசகி