பாப்பாவுக்கு

பாப்பா,

போனில் பேசினால் "சாப்பிட்டாச்சும்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். புதன்கிழமை தடுப்பூசி முடிந்து, ஆட்கள் எல்லாம் போனபிறகு சப்-சென்டரில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே எல்லாரும் நல்ல சுகம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்தாச்சு. மற்றதெல்லாம் நேரில்.

காலையில் சாப்பிடுகிறாயா?

பொங்கலுக்கு ஆச்சி முந்திரிக்கொத்து சுட்டாளே, அதை நீ வாயில் போடாமல், பையிலிருந்து அந்தக் குட்டித் தராசை எடுத்து, கொத்தை வைத்து, 38 கிராம் என்று வந்ததும் பாதியைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பவும் நிறுத்தாய், அப்புறம் போனில் ஏற்றினாய். "ஏட்டி, தங்கமா நிறுக்க?" என்று ஆச்சி கேட்டதற்கு எல்லாரும் சிரித்தோம், நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் காலடிச் சத்தம், தின்ற பாதிக் கொத்துக்கு அபராதம் கட்டுகிற மாதிரி. அப்பாவுக்கு எதுவும் தெரியாது, அவர் குறட்டை அவருக்கு.

தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைத்து நடக்க வேண்டும் என்று நீ வைத்திருக்கிற அந்தக் கணக்கைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி நடையை எண்ணுகிற கருவி ஒன்றை விற்றதாம், அதன் விளம்பரத்தில் வந்த எண்தானாம் அது. எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக் கொடுத்ததில்லை. 9,400-இல் படுத்துத் தூங்கினால் ஒன்றும் ஆகாது பாப்பா. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150-இலிருந்து 300 நிமிஷம் வேகநடை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நீ அதைத் திங்கள் செவ்வாயிலேயே முடித்துவிடுவாய் போல.

ஓடாதே என்று சொல்லவில்லை. நீ 21 கிலோமீட்டர் ஓடி முடித்த போட்டோவை இந்தப் பக்கத்தில் நான் காட்டாத ஆள் இல்லை, பி.எச்.சி. டாக்டரம்மா வரைக்கும் காட்டினேன். என் வம்சத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினவர்கள்தான் உண்டு, பதக்கத்துக்கு ஓடினவள் நீ ஒருத்திதான். ஆனால் டாக்டரம்மா பதக்கத்தைப் பார்க்கவில்லை, உன் தோள்பட்டை எலும்பைத்தான் பார்த்தார். "பிள்ளை சாப்பிடுதா?" என்று கேட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சோற்றைக் குறை, பருப்பையும் முட்டையையும் கீரையையும் கூட்டு என்று சுகர்காரர்களுக்குத் தினமும் சொல்கிறவள் நான், அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. அளவாகச் சாப்பிடுவது வேறு, பயந்து சாப்பிடுவது வேறு. ஒரு தோசை கூடிப்போனால் மறுநாள் பட்டினி கிடப்பது எந்த ஊர் ஆரோக்கியம்? காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. காப்பி குடித்த கையோடு இரும்பு மாத்திரையும் போடாதே, உடம்பில் சரியாகச் சேராது. ஆபீஸ் இன்சூரன்ஸுக்கு என்று நீ அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. 12 இருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

சரி, கேட்டுவிடுகிறேன். நீ கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது? ஊரில் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு ரிஜிஸ்டரில் எழுதுகிற கேள்விதான், உன்னிடம் கேட்க இத்தனை நாளாக வாய் வரவில்லை. தை முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்த்தாய், பீரோவில் உனக்கென்று வாங்கி வைத்த பாக்கெட் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. வேறு மாதிரி நினைத்துக் கேட்கிறேன் என்று கோபப்படாதே. ஓடுகிற ஓட்டத்துக்குத் தக்க சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மூளையே அதை நிறுத்திவிடும். தொல்லை விட்டது என்று சில பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அதோடு ஈஸ்ட்ரோஜனும் குறைந்து எலும்பு தேய ஆரம்பிக்கும், எலும்பு பலம் சேர்கிறதே முப்பது வயது வரைக்கும்தான். தைராய்டாலும் நிற்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாலும் நிற்கலாம். பார்க்காமல் எது என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன், சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்கமாட்டார், அதனால் சனிக்கிழமைக்கே உன் வீட்டுப் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் நேரம் வாங்கி வை. தராசைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், பயப்படாதே. உனக்குப் புதுக் குக்கர் வாங்கித் தரப் போகிறேன் என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் போனில் கேட்டால் நீயும் அதையே சொல்.

அம்மா