ரிட்டர்ன் எடுக்க வருபவரின் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைனில் வாங்கிய ஷூ ஒன்றைப் போன வாரம் திருப்பி அனுப்பப் போட்டிருந்தேன். எடுக்க வந்த தம்பி மூன்று மாடி ஏறி வந்து, வாசலிலேயே குந்தி, பெட்டியைப் பிரித்து, சைஸ், நிறம், டேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து போட்டோ எடுத்து ஏற்றினார். கடைசியில் செயலி ஏற்கவில்லை. அடிப்பாகத்தில் தூசியாம். போட்டு நடந்து பார்த்தது நான், ஆனால் குரலை உயர்த்தியது அவரிடம். "முடிவு என் கையில இல்லைங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினார். அப்போ உங்களுக்கு இந்த டிரிப்புக்குக் காசு வராதா என்று கேட்டேன். பொருள் கைக்கு வந்தால்தான் கணக்கில் ஏறுமாம்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. டெலிவரி என்றால் கொடுத்தோம், ஓடிபி வாங்கினோம், கிளம்பினோம் என்று முடிந்துவிடும். ரிட்டர்ன் அப்படி இல்லை. போன் அடித்து, வாடிக்கையாளர் அட்டைப்பெட்டியைத் தேடி எடுக்கும்வரை நின்று, பொருளைச் சோதித்து, பிறகு பழி தன் மேல் வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தரம் பார்த்து, அதையும் முதுகுப் பையில் சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். சுமப்பவர் வேலை, சோதிப்பவர் வேலை இரண்டும் ஒரே ஆளுக்கு. "நாளைக்கு வாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் அவருடைய பெட்ரோலும் போகிறது. மூன்று சைஸ் வாங்கி இரண்டைத் திருப்பும் பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன்.

ஆனால் நம் பழக்கம் மாறினால் மட்டும் போதாது. 2025 ஜூனில் ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பு நடத்திய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில், செயலி வழி வேலை செய்பவர்களுக்காக உடன்படிக்கை ஒன்று கொண்டுவரலாம் என்று முடிவெடுத்தார்கள். அப்படி வரும் விதிகளில் காத்திருக்கும் நேரமும், எடுக்க முடியாமல் போன ரிட்டர்னும் முழு வேலையாகவே எண்ணப்பட வேண்டும். நிறுவனங்கள் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, தங்கள் கூலிக் கணக்கை இன்றைக்கே மாற்றலாம்.

அப்புறம் ஒன்று. எதையெல்லாம் பார்ப்பார்கள், எது இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதை ரிட்டர்ன் பதியும்போதே வாங்கியவருக்குத் தெளிவாகக் காட்டுங்கள். தூசி இருந்தால் ஆகாது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்தத் தம்பி மூன்று மாடி ஏறியே இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்