காத்தாடிக் கரண்ட்டைப் புதைத்தே கொண்டுவர முடியுமா?

சென்னை
ஆடி 12

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். கயத்தாறு பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் இரவும் பகலும் நிற்காமல் சுற்றுவதாக எழுதியிருந்தாய். அந்தக் கரண்ட்டை டவர் லைனில் ஏற்றாமல் சென்னைவரை புதைவடத்திலேயே கொண்டுவந்தால் புயலுக்குப் பயப்பட வேண்டாமே என்றும் கேட்டிருந்தாய். பணம் கொட்டினாலும் ஏசியில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில், நடக்காது.

கேபிள் என்பது ஒரு நீளமான கண்டென்சர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சாதனம் மாதிரி. நடுவே செம்பு, வெளியே உலோக உறை, இடையில் ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்துக்கு எக்ஸ்எல்பிஈ என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன். 230 கேவி (கிலோவோல்ட்), 1200 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் வரும். கணக்குப் போட்டுப் பார், கிலோமீட்டருக்கு 8 ஆம்பியர் சார்ஜிங் கரண்ட். அந்தக் கேபிள் தாங்குவதே 1000 ஆம்பியர் அளவில்தான். ஒரு முனையிலிருந்து ஊட்டினால் 120 கிலோமீட்டரிலேயே கேபிள் தன்னைத்தானே சார்ஜ் செய்துகொள்ள முழுக் கொள்ளளவும் தீர்ந்துபோகும். நீ இருப்பதோ ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி. அந்த சார்ஜிங் கரண்ட்டை ஈடுகட்டும் ஷன்ட் ரியாக்டர் என்ற சுருளை வழிநெடுக வைக்கலாம் என்பாய். வைக்கும் இடமெல்லாம் ஒரு சப்ஸ்டேஷன் ஆகிவிடும்.

டிசி, அதாவது நேர்திசை மின்சாரம், என்றால் கதை வேறு; அதில் இப்படி ஓயாத சார்ஜிங் கரண்ட் கிடையாது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-இல் வந்த ±320 கேவி, 2000 மெகாவாட் லைனில், கேரளத்துக்குள் கடைசி 30 கிலோமீட்டர் அளவுக்குப் புதைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அது விஎஸ்சி (வோல்டேஜ் சோர்ஸ் கன்வெர்ட்டர்) வகை. மின்சாரம் போகும் திசையைத் திருப்பினாலும் போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மாறாது, அதனால் எக்ஸ்எல்பிஈ தாங்குகிறது. ஆனால் ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்ற இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் நிலையம் வேண்டும். தெற்கிலிருந்து இங்கே வரும் வழிக்கு அந்தச் செலவு நியாயமா என்று கேட்டால், என் ஓட்டு டவர் லைனுக்குத்தான்.

நகர எல்லைக்கு வந்தபிறகு புதைப்பதைத் தவிர வழியில்லை. அங்கே 10, 15 கிலோமீட்டர்தான், சார்ஜிங் கரண்ட் பெரிய விஷயமில்லை. தகராறு பண்ணுவது சூடும், கேபிள் துண்டுகளை இணைக்கும் ஜாயின்ட்டும்.

எக்ஸ்எல்பிஈ கேபிளின் செம்பு தொடர்ந்து 90 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சூட்டை மண்தான் வாங்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் "மணல்தானே, நல்லது" என்று தோண்டிய கடற்கரை மணலையே திரும்பத் தள்ளி மூடிவிடத் தோன்றும். அது தப்பு. ஒரே அளவுப் பருக்கை என்பதால் நடுவே காற்றிடைவெளி; ஈரம் இருக்கும்வரை சரி, கோடையில் கேபிளின் சூட்டிலேயே சுற்று மண் காய்ந்துவிட்டால் வெப்பத்தடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். கேபிள் இன்னும் சூடாகும், மண் இன்னும் காயும். களிமண் பகுதியில் வேறு தொல்லை: காய்ந்தால் சுருங்கி கேபிளைவிட்டு விலகி நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. 14 பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமென்ட் கலந்து, கேபிளைச் சுற்றி அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டை போட்டு இறுக்க வேண்டும். உன் பக்கம் 33 கேவி கேபிள் புதைத்தால் இதை மறக்காதே. சோலார் கேபிளுக்கு ராத்திரி ஓய்வு உண்டு. ஆடிக் காற்று நாள்கணக்கில் விடாது. "சாயங்காலம் ஆறிக்கொள்ளும்" என்று சலுகை எடுத்துச் சின்ன சைஸ் போட்டால் மாட்டிக்கொள்வாய்.

உன் அக்கா மகன் ஜாயின்டர் பயிற்சிக்குப் போகிறானாமே, நல்ல சேதி. அவனுக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது. 230 கேவி கேபிள் ஒரு டிரம்முக்கு 500 மீட்டர் அளவில்தான் வரும். 10 கிலோமீட்டர் ஒற்றை சர்க்யூட்டுக்கே ஃபேஸுக்கு 19 ஜாயின்ட், மொத்தம் 57. அவனிடம் சொல்: டிரம்மில் சுருண்டிருந்த கேபிளை 80 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கி, நிமிர்த்தி, ஆறவிட்ட பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு இன்சுலேஷன் பின்வாங்கும். இன்சுலேஷன்மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு செமிகான் (அரைக்கடத்தி) அடுக்கை உரிக்கும்போது கத்தி உள்ளே இருக்கும் வெள்ளை இன்சுலேஷனில் ஒரு கீறல்கூடப் போடக் கூடாது. உப்புத்தாளை 240, 400, 600 என்று மாற்றித் தேய்க்க வேண்டும். துடைக்கும்போது எப்போதும் செம்பு முனையிலிருந்து கறுப்பை நோக்கி ஒரே இழுப்பு. திருப்பித் துடைத்தால் கரித்தூள் வெள்ளைமேல் ஏறி, அங்கேயே டிஸ்சார்ஜ் (நுண்ணிய மின்பொறி) ஆரம்பிக்கும். குழிக்கு மேல் கூடாரம், உள்ளே ஏசி. ஐப்பசி மழையில் "இன்றைக்கே முடி" என்று யார் விரட்டினாலும் அவன் ஜாயின்ட் கிட்டைப் பிரிக்கக் கூடாது.

மூடிய பிறகு, உலோக உறைக்கும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் வெளியுறைக்கு 10 கேவி டிசி ஒரு நிமிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். இதை வருஷாவருஷம் செய்தால் பாதி பிரேக்டவுனைத் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம். வடிகாலுக்குத் தோண்டும் ஜேசிபியின் பல் லேசாக உரசிவிட்டுப் போயிருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் மெல்ல இறங்கி, ஓரிரு வருஷம் கழித்து ஒரு நடுராத்திரியில்தான் டிரிப் ஆகும்.

புயலைப் பற்றிக் கேட்டாயே. 2016 வர்தாவில் சாய்ந்த கம்பங்களைப் பார்த்தால் புதைவடம்தான் தெய்வம் என்று தோன்றும். 2023 டிசம்பர் மிக்ஜாமில் தண்ணீர் நின்ற தெருக்களில் கேபிளுக்கு ஒன்றுமில்லை, தரையோடு தரையாக இருந்த பில்லர் பாக்ஸும் (தெருவோர மின்பெட்டி) ஆர்எம்யூவும் (கேபிள்களை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் பெட்டி) தான் முழுகின. தெருவின் பழைய வெள்ள மட்டத்தைக் கேட்டு, அதற்கு மேலே பீடம் கட்ட வேண்டும்.

நீ புதைக்கப் போகும் தடத்தில் மண்ணின் வெப்பத்தடையை அளந்து அனுப்பு. சித்திரை, வைகாசியில், மண் காய்ந்திருக்கும்போது எடு. மழைக்காலத்து அளவு வேண்டாம். அது வந்ததும் கேபிள் சைஸ் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ராமு