பழைய கோட்டு பையாகத்தான் ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய துணியை வீணாக்காதீர்கள் என்று உங்கள் வாரப் பகுதியில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு முறையும் புடவையைப் பை ஆக்குவது, ஜீன்ஸை மிதியடி ஆக்குவது என்றுதான் வருகிறதே தவிர, ஓர் உடுப்பைப் பிரித்து இன்னொரு உடுப்பாகவே மாற்றித் தைக்கிற ஆல்ட்ரேஷன் வேலையைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. நான் அல்சூரில் 28 வருடமாக வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அந்த வேலை எவ்வளவு யோசனை கேட்கும் என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

என் அக்கா மகன் எடின்பரோவில் படித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறான். கூடப் படித்த ஸ்காட்லாந்துப் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக இவன் நிற்க வேண்டும், தோழர்கள் எல்லாரும் கில்ட் கட்டுகிறார்கள், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்கால் வரை கட்டுகிற கட்டம் போட்ட உடை. கில்ட்டை எப்படியோ வாங்கிவிட்டான், அதற்கு மேலே போடுகிற கோட்டையும், கோட்டுக்குள் போடுகிற கையில்லாத வெயிஸ்ட்கோட்டையும் புதிதாக எடுக்கக் கையில் காசு இல்லை. டிசம்பரில் லீவுக்கு வந்தபோது இன்டர்வியூவுக்கு வைத்திருந்த தன் பழைய கோட்டை இங்கே ஒரு பெரிய கடையில் கொடுத்து, கில்ட்டுக்கு ஏற்ற மாதிரி குட்டையாக்கச் சொன்னான். அவர்கள் கில்ட்டைப் பார்க்கக்கூட இல்லை, நாலு அங்குலத்தை நேர்கோடாக வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். பாக்கெட் மூடி கோட்டின் விளிம்பிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சித்தி, இதை இனி ஒன்றும் செய்ய முடியாதா?" என்று அவன் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் விரிக்கிற பழைய சாமான் சந்தைக்குப் போனோம். கரும்சாம்பல் நிறத்தில் நல்ல கம்பளிக் கோட்டு ஒன்றும், அதே துணியில் வெயிஸ்ட்கோட்டும் சேர்த்து 900 ரூபாய்க்குக் கிடைத்தன. பழைய கோட்டு எடுக்கிறவர்கள் முதலில் தோளைப் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், தோள் சரியாக உட்காராத கோட்டில் கைவைத்தால் புதுக் கோட்டு தைக்கிற வேலை ஆகிவிடும். பளபளக்கிற துணி வேண்டாம், இரண்டு வரிசைப் பட்டன் வேண்டாம், பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கோட்டு வேலை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, அதனால் சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் மாஸ்டரிடம் போனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பியை அந்த கில்ட்டைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்கம்மா, அதைப் பார்க்காம நான் கத்திரி வைக்க மாட்டேன்."

கில்ட், பேன்ட் மாதிரி இடுப்பெலும்பில் நிற்பதில்லை, ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில் கட்டுவது. எட்டு கஜம் வரை கம்பளித் துணி போகும், முன்னால் மட்டமாக இருக்கும், மடிப்பெல்லாம் பின்னால். நம் கண்டாங்கிச் சேலையில் பின்கொசுவம் வைத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், கட்டம் போட்ட துணி என்பதும் ஒற்றுமைதான். அதில் பாக்கெட் கிடையாது, அதற்காக ஸ்பாரன் என்ற தோல்பையை முன்னால் சங்கிலியில் தொங்கவிடுகிறார்கள், நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை செய்த வேலையை அது செய்கிறது. சாதாரண கோட்டைப் போட்டால் அந்தப் பையும் மறைந்துவிடும், பின்கொசுவமும் நசுங்கிவிடும். கோட்டு குட்டையாக இருந்தால் மட்டும் போதாது, முன்பக்கம் இரண்டு ஓரமும் வளைந்து விலகி ஸ்பாரனுக்கு இடம் விட வேண்டும். அந்தப் பெரிய கடையில் பிசகியது இந்த இடம்தான்.

மாஸ்டர் கழுத்துப் பட்டைக்குக் கீழிருந்து அளந்தார், 30 அங்குலம். 26½ போதும் என்றார், ஆனால் முதல் நாள் வெட்டவே இல்லை. சாக்குக்கட்டியால் கோடு போட்டு, துணியை உள்ளே மடித்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு, அவனை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். கீழ்க் காஜாவுக்கு அடியிலிருந்து ஆரம்பித்த வளைவு இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தது, அழித்துவிட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைந்தார். மூன்றாவது ட்ரையலுக்கு அப்புறம்தான் கத்திரி வைத்தார், அதுவும் ஒன்றரை அங்குலம் மடிப்புக்கு விட்டு. லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால் பாக்கெட்டின் உள்பை புது விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அதைப் பாதியாக வெட்டி, அடியை மூடி, மூடியை மட்டும் அழகுக்கு விட்டார். கோட்டின் பின்பக்கம் இருக்கிற பிளவை மூடட்டுமா என்று நான் கேட்டேன், மூடினால் கொசுவத்தின் மேல் கோட்டு தூக்கிக்கொண்டு நிற்கும் என்று அப்படியே வைத்தார்.

வெட்டி எடுத்த துண்டுகளை நான் வாங்கி வந்து தோள்பட்டி இரண்டு தைத்தேன். பகலில் போடுகிற கில்ட் கோட்டுகளில் மான்கொம்புப் பட்டன் வைப்பது வழக்கம், நாங்கள் தேங்காய்ச் சிரட்டைப் பட்டன் வைத்தோம், அந்தக் கரும்சாம்பலுக்கு அருமையாகச் சேர்ந்தது.

வெயிஸ்ட்கோட்டுதான் இன்னும் நுணுக்கம். பேன்ட்டுக்குத் தைத்தது என்பதால் முன்னால் இரண்டு கூர்முனையும் ஸ்பாரன் மேலேயே வந்து விழுந்தன. முனைகளை எடுத்துவிட்டு ஏறக்குறைய நேராக்கி, கடைசிக் காஜாவை விட்டுவிட்டு ஐந்து பட்டனோடு நிறுத்தினோம். கையைத் தூக்கினாலும் சட்டை எட்டிப் பார்க்கக் கூடாது, அதே சமயம் கில்ட்டின் மேல்பட்டியை மூடினால் போதும், அதற்குக் கீழே இறங்கக் கூடாது. நாலு விரல்கிடை கீழே ஸ்பாரன். வெயிஸ்ட்கோட்டு போட்டால் பெல்ட் வேண்டியதில்லை. பின்பக்கம் குட்டை வால் வைத்த பிரின்ஸ் சார்லி என்ற ராத்திரி விருந்துக் கோட்டையும் இப்படி உண்டாக்கலாமே என்று அவன் கேட்டான். அதன் வெட்டே வேறு, சாதாரண கோட்டிலிருந்து வராது, முயலாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறவுக்காரர்கள் சிலர் கில்ட்டைப் பாவாடை என்று கேலி செய்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. 1746இல் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியை அடக்கிய கையோடு, பட்டாளத்தில் இல்லாத ஆண்கள் இந்த மலைநாட்டு உடையைப் போடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சட்டமே போட்டது, 1782இல்தான் அதை நீக்கினார்கள். அப்படித் தடுத்தும் அந்த மக்கள் விடாமல் வைத்திருக்கிற உடை அது. ஒரு சிநேகிதன் தன் கல்யாணத்தில் நம் பிள்ளையை அதைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கச் சொல்கிறான், நாம் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது போலத்தானே! அதைச் சரியான அளவில், சரியான முறையில் போட வேண்டும் என்று அவன் இவ்வளவு பாடுபட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாஸ்டர் இத்தனைக்கும் வாங்கியது 1,400 ரூபாய். கன்டோன்மென்ட் பகுதியில் இந்தக் கோட்டு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் மாஸ்டரின் கடையில் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு பையன் இல்லை. ரெடிமேட் வாங்கிப் போட்டுவிட்டு எறிகிற காலத்தில் ஆல்ட்ரேஷன் என்றால் பேன்ட் கால் குறைப்பதுதான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். மிதியடிக்கும் பைக்கும் கொடுத்த இடத்தில் ஒரு வாரம் இவர்களைப் பற்றி எழுதுங்கள், உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள், நானே கூட்டிப் போகிறேன். காலை பதினொரு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, அதற்கப்புறம் ட்ரையல் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள், மாஸ்டர் பேச மாட்டார்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு